வழக்கில் தாய் கட்சிக்காரி இல்லை: மூதூர்ப் பக்கத்துக் கொலை வழக்கொன்றின் நிகழ்வு ஆய்வு

கொலை வழக்கின் குற்றப்பத்திரிகையில் இரண்டு தரப்புத்தான் இருக்கும். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். மகளைப் பறிகொடுத்த தாய் அதில் கட்சிக்காரி இல்லை. சாட்சிப் பட்டியலில் ஓர் இலக்கத்தோடு அவர் பெயர் வரும், அவ்வளவுதான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, குறைந்த குற்றத்துக்கு எதிரி ஒப்புக்கொள்கிறேன் என்றால் ஏற்பதா விடுவதா, எல்லாம் சட்டமா அதிபர் திணைக்களத்தின் கையில். தாய்க்கு வருவது ஓர் அழைப்பாணை, அதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்தால்.

திருகோணமலை மாவட்டத்தில் குற்றத்தாலும் வன்முறையாலும் ஆளை இழந்த குடும்பங்களுக்குத் துணையாக நிற்பது என் வேலை. நான் சட்டத்தரணி இல்லை. பொலிஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போவேன், அங்கே நடப்பதை விளங்குகிற மாதிரிச் சொல்வேன், குடும்பம் சொல்ல நினைப்பதை எழுத்தில் போட்டு உரிய மேசைக்குக் கொண்டுபோவேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, குடும்பங்கள் வழக்கை விட்டுப் போவது தீர்ப்பில் வெறுத்து அல்ல, அதற்கு வெகு முன்னரே. தவணை எப்போதென்று தெரியாமல் போவது, பஸ் காசு இல்லாமல் போவது, தான் சொன்னது ஒன்று எழுதியிருப்பது வேறொன்று என்று அறிந்து மனம் விட்டுப்போவது, இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் அவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

இது முடிந்துபோன வழக்கு. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளடையாளம் தரக்கூடியவற்றை மாற்றியோ விட்டோ இருக்கிறேன், யாருடைய பெயரும் இல்லை.

நடந்தது

மூதூர்ப் பக்கத்து ஒரு கிராமம். மகளுக்கு முப்பது கூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஒன்பது, இளையவனுக்கு ஐந்து. கணவன் மேசன் வேலை. கலியாணமாகிக் கொஞ்சக் காலத்திலேயே அடி தொடங்கிவிட்டது. சாவதற்கு முந்தின வருடம் அவள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரையும் கூப்பிட்டு, புத்தி சொல்லி, இனிக் கை நீட்டமாட்டேன் என்று அவனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸாரே விண்ணப்பிக்கலாம், இடைக்காலக் கட்டளை 14 நாள் வரையும் முழுக் கட்டளை 12 மாதம் வரையும் இருக்கும் என்பதை அங்கே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கட்டளை இருந்திருந்தால் அவள் உயிர் தப்பியிருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவனை வாசலுக்கு வெளியே நிறுத்த ஒரு கடுதாசியாவது அவள் கையில் இருந்திருக்கும்.

ஓர் இரவு, சாப்பாட்டு நேரம், குசினியில் வைத்து விறகுக்கட்டையால் தலையில் ஓர் அடி. மூத்தவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு வேலியடிக்கு வந்திருக்கிறார். தாயின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அவர் ஓடிவந்து, ஓட்டோ பிடித்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். விடிவதற்குள் மகள் போய்விட்டாள். அடுத்த நாள் அவன் பொலிஸில் சரணடைந்தான்.

இனி இந்தத் தாயை அம்மம்மா என்றே எழுதுகிறேன். பிள்ளைகள் கூப்பிடுவதும் அப்படித்தான், நாளடைவில் எங்கள் அலுவலகத்திலும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம்.

முதல் கிழமை

பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் சொல்லித்தான் நான் போனேன். அப்போது உடல் இன்னும் சட்ட வைத்திய அதிகாரியிடம் இருந்தது. வீட்டில் சத்தம் வேறு விஷயத்துக்காக நடந்துகொண்டிருந்தது. உடலை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று மரண விசாரணையில் கட்டளை வந்திருந்தது. அவர்கள் வழமை எரிப்பது. தாய்மாமன் கொதித்துப்போய், செத்த பிறகும் பிள்ளையை நிம்மதியாக விடுகிறார்கள் இல்லையே என்று பொலிஸ்காரரோடு வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டு நின்றார். சந்தேகத்துக்குரிய சாவு என்றால் பிறகு ஏதும் கேள்வி வந்து உடலைத் தோண்டி எடுத்து மறுபடி பார்க்கவேண்டி வரலாம், எரித்துவிட்டால் அந்தச் சாட்சியே இல்லாமல் போய்விடும், இது உங்கள் பிள்ளையின் வழக்குக்காகத்தான் என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போய்க் குழி வெட்ட ஆள் பிடித்தார். கட்டளை போட்டவர்கள் யாராவது ஒரு நிமிடம் எடுத்து இதைச் சொல்லியிருக்கலாம்.

எட்டுச் செலவு முடியும்வரை நான் குடும்பத்திடம் அதிகம் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க முடியாதவை இரண்டு. பிள்ளைகள் இன்றிரவு எங்கே படுக்கிறார்கள், முறைப்பாட்டின் பிரதி எங்கே. 

பிள்ளைகள் விஷயத்தில் அவனுடைய தாய் அடுத்த நாளே வந்துவிட்டார், எங்கள் பேரனை நாங்கள் கொண்டுபோகிறோம் என்று. அவர் அழுதுகொண்டுதான் கேட்டார், அவருக்கும் பிள்ளை மேல் பாசம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்சியான பிள்ளையையும் அதன் தம்பியையும் சந்தேகநபரின் வீட்டில் விட முடியாது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் நன்னடத்தை அலுவலகத்திலும் உடனே தெரிவித்தோம். நீதவான் இரண்டு பிள்ளைகளையும் அம்மம்மாவிடமே ஒப்படைத்தார்.

முறைப்பாட்டில் இருந்த ஒரு வரி

இந்த வழக்கில் பிறகு நடந்த எல்லாம் இந்த வரியைச் சுற்றித்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மம்மா முறைப்பாடு கொடுத்தது தமிழில். எழுதியவருக்குத் தமிழ் அரைகுறை, சிங்களத்தில் எழுதி, மேலோட்டமாக வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியிருக்கிறார். மகள் செத்து சில மணித்தியாலமே ஆன தாய் எதைக் கேட்பார். பிரதியை எடுத்து, சிங்களம் நன்றாகத் தெரிந்த எங்கள் அலுவலகப் பிள்ளையிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். அம்மம்மா சொன்னது, அவன் சந்தேகப் பிராணி, மகள் யாரோடும் கதைத்தால் போனைப் பறித்துப் பார்ப்பான், அடிப்பான் என்று. எழுதியிருந்தது, மகள் வேறொருவரோடு போனில் கதைப்பதால் இருவருக்கும் சண்டை வருவது வழமை என்று.

வாசித்துக் காட்டியபோது அம்மம்மா சொன்னது: "நான் எப்ப பிள்ள அப்பிடிச் சொன்னனான்? என்ட வாயாலயா?"

இதன் பாரதூரத்தைச் சொல்லவேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆவது பிரிவில் கொலைக்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் முதலாவது, கடுமையான திடீர் கோபமூட்டலால் தன்னிலை இழந்து செய்தது என்பது. மனைவியைக் கொன்ற கணவன் தரப்பு எடுப்பது பெரும்பாலும் இதைத்தான், அவள் நடத்தை சரியில்லை, அதைக் கண்டு தாங்க முடியாமல் கை நீட்டிவிட்டான் என்று. செத்தவள் எழும்பி வந்து பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கதைக்கு முதல் சாட்சி அவளுடைய சொந்தத் தாயின் முறைப்பாடு என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொலிஸில் சொன்னது தனியே ஓர் ஆதாரமாக நிற்காதுதான், ஆனால் கூண்டில் நின்று வேறு மாதிரிச் சொன்னால் முரண்பாடு என்று குறித்து, இந்த மனுசி பொய் சொல்கிறா என்று காட்ட அது போதும்.

சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆவது பிரிவு, வாய்மொழியாகத் தரும் தகவலை எந்த மொழியில் சொல்கிறார்களோ அந்த மொழியில் எழுதவேண்டும் என்கிறது. எழுத முடியாவிட்டால் சொல்கிறவரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவருக்கும் எழுத வராவிட்டால்தான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம், அப்போதும் விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ். இவ்வளவும் இருந்தும் இப்படி நடக்கிறது. அதனால்தான் எங்களிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் சொல்கிறேன்: எழுதத் தெரிந்தால் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை.

அம்மம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மேலதிக வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்று கேட்டு அதே பொலிஸுக்குப் போனோம். முதலில் தேவையில்லை என்றார்கள். பிரிவு இலக்கத்தைச் சொல்லிக் கேட்டபோது பொறுப்பதிகாரி மறுக்கவில்லை, ஒரு மேசையைக் காட்டினார். அம்மம்மா அந்த மேசையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக, பேனையை அழுத்தி, இடையிடையே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றரைப் பக்கம் எழுதினார். நான் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை, செய்தால் வழக்கே கெட்டுவிடும். முன்னர் எழுதப்பட்டது தான் சொன்னது அல்ல என்றும், மகளின் போனை அவன் எப்படிப் பறிப்பான் என்றும், முந்தின வருடத்து முறைப்பாட்டைப் பற்றியும் அவரே எழுதினார். சாவு நடந்து மூன்று கிழமை கூட ஆகாத திகதி அதில் விழுந்தது. பிறகு அந்தத் திகதிதான் பெறுமதியானது.

வேலியடியில் நின்ற பெண்

பக்கத்து வீட்டுப் பெண் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுத்தார், ஆனால் கோட்டுக்கு வரமாட்டேன் என்றார். அவருடைய மகன் ஓட்டோ ஓடுகிறவன். எதிரியின் தமையன் அவனை மறித்து, உன் அம்மா கூண்டில் ஏறினால் நீ இந்த ரோட்டில் ஓடமாட்டாய் என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் என்னிடம் சொன்னது, "பெரிய பெரிய வழக்கே என்னாச்செண்டு எங்களுக்குத் தெரியும் பிள்ள. நான் ஒருத்தி சொல்லி என்ன வரப்போகுது?"

அவர் சொன்ன பெரிய வழக்குகள் எவை என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்பதைக் காட்டும் படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களில் ஒருவரின் தகப்பன் மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் பகிரங்கமாகச் சாட்சி சொல்ல முன்வந்தார், மிரட்டல்களால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று, அந்தக் கொலைகளில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 விசேட அதிரடிப்படையினரும் விடுவிக்கப்பட்டார்கள். மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் கிட்ட இருப்பது குமாரபுரம். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கே 24 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 20 வருடம் கழித்து, 2016 ஜூலை 27ஆம் திகதி முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள்.

இவை அரச படையினர் மீதான வழக்குகள், எங்கள் வழக்கு ஒரு மேசன் மீதான வழக்கு. இரண்டும் ஒன்றல்ல என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் சாட்சி சொன்னவருக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கை இந்த ஊர்ச் சனம் அந்த வழக்குகளில் இருந்துதான் போட்டு வைத்திருக்கிறது. பயப்படாதீர்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போவது அவரை அவமதிப்பது.

ஆகவே மிரட்டலை எழுத்தில் கொண்டுவந்தோம். சாட்சியை மிரட்டுவது தனியான ஒரு குற்றம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சிகளைப் பாதுகாக்க அமைந்த தேசிய அதிகாரசபைக்கும் பொலிஸுக்கும் ஒரே நாளில் கடிதம் போனது. மகன் முறைப்பாடு செய்தான். பொலிஸ் ஒரு தடவை தமையனின் வீட்டுக்குப் போய் வாக்குமூலம் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. ஒரே ஒரு தடவை பொலிஸ் ஜீப் வந்து நின்றது போதுமாக இருந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குக் குறைகள் நிறைய உண்டு, கொழும்பை மையமாக வைத்தே எல்லாம் ஓடுகிறது. இருந்தாலும் இப்படி ஒரு சட்டம் இல்லாத காலத்தில் சாட்சி சொன்னவர்களை நினைத்தால், இருப்பதைக் கடைசி வரி வரைக்கும் பயன்படுத்தவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

தவணை, தவணை, தவணை

நீதவான் நீதிமன்ற விசாரணை முடிந்து, சட்டமா அதிபரிடம் கோப்புப் போய், மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும் வரைக்கும் நடந்ததை விரிவாக எழுத ஒன்றுமில்லை. காத்திருந்தோம். சட்டத்தரணி வரவில்லை, சாட்சிப் பொலிஸ்காரர் இடமாற்றத்தில் போய்விட்டார், வைத்தியர் வேறு கோட்டில், நீதிபதி மாற்றம், பிறகு கொரோனா, பிறகு 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாடு, பஸ்ஸே இல்லை.

இந்தக் காலத்தில்தான் குடும்பங்கள் கழன்று போகின்றன. அம்மம்மாவுக்கு ஒரு தவணைக்கு வருவதென்றால் விடியப்புறம் எழும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, மூதூரில் இருந்து கிண்ணியா வழியாக வரும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அன்றைய கூலி போய்விடும். வந்து இரண்டு நிமிடத்தில் ஒத்திவைத்தால் திரும்பிப் போகவேண்டும். எதிரி தரப்பு ஆட்களும் அதே மரநிழலில்தான் நிற்பார்கள். நாங்கள் செய்தது எளிமையானவை. தவணைக்கு முதல் நாள் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு எடுக்கப்படுமா என்று விசாரிப்போம். சாட்சிப் படி எடுக்க அவரோடு வரிசையில் நிற்போம். ஒரு கோப்பு மட்டையின் வெளியே வழக்கு இலக்கத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தோம், அதை அவர் பஸ்ஸில் கூட மடியை விட்டு இறக்கமாட்டார்.

சட்ட உதவி ஆணைக்குழு மூலம் ஒரு சட்டத்தரணியையும் போட்டோம். பலருக்குத் தெரியாத விஷயம் இது. அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆவது பிரிவு எதிரிக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட தரப்புக்கும் சட்டத்தரணி ஒருவர் மூலம் தோன்ற உரிமை தருகிறது. அவர் வழக்கை நடத்த முடியாது, அது அரச சட்டத்தரணியின் வேலை, ஆனால் குடும்பத்தின் சார்பில் எழும்பி நிற்க ஓர் ஆள் மன்றில் இருப்பார். பிணை விண்ணப்பம் வந்தது அவர் மூலம்தான் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது. மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது, அவன் மூதூர்ப் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. அம்மம்மா அதை ரோட்டில் அவனைக் கண்டு அறியவில்லை, எங்களிடம் இருந்து அறிந்தார். அந்த இரவு தாய்மாமன் அவர்கள் வீட்டில் வந்து படுத்தார்.

சமாதானம் பேச ஆட்களும் வந்தார்கள். ஊர்ப் பெரியவர், உறவுக்காரர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர். பிள்ளைகளுக்குத் தகப்பனாவது மிஞ்சட்டும், காணியைப் பிள்ளைகள் பேரில் எழுதித் தருவான் என்று. அம்மம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, கேட்டு, அனுப்பிவிடுவார். நான் வரும்போது மட்டும் கேட்பார், "நான் செய்யிறது பிழையா மகள்?" சரியென்றும் பிழையென்றும் நான் சொன்னதில்லை. கொலை வழக்கைக் குடும்பம் நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது என்பதை மட்டும் விளக்கினேன். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது: அது என் கையில் இல்லை.

மூத்தவள்

வழக்கு விளக்கத்துக்கு, அதாவது மேல் நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரிக்கும் கட்டத்துக்கு, வந்தபோது மூத்தவளுக்கு பதினாறு. சாட்சிப் பட்டியலில் அவளும் இருந்தாள். அம்மம்மாவுக்கு அவளைக் கூண்டில் ஏற்ற விருப்பமில்லை. அவளோ நான் சொல்வேன் என்று நின்றாள். வழக்கில்லாத ஒரு பின்னேரம் பதிவாளரிடம் அனுமதி எடுத்து அவளை வெறும் மன்றுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நீதிபதி எங்கே இருப்பார், நீ எங்கே நிற்பாய், எதிரிக்கூண்டு எது, மொழிபெயர்ப்பு முதலியார் எங்கே நிற்பார், தண்ணீர் கேட்கலாம், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லலாம். அவள் சாட்சிக்கூண்டில் ஏறி நின்று பார்த்தாள். எதிரிக்கூண்டு அங்கிருந்து எவ்வளவு கிட்ட என்பதுதான் அவள் கவனித்தது.

"நான் அவரைப் பாக்கோணுமா அன்ரி?"

தேவையில்லை, கேள்வி கேட்பவரையோ நீதிபதியையோ பார்த்தால் போதும் என்றேன். சரி என்று இறங்கினாள்.

விளக்கம்

யூரி வேண்டாம் என்று எதிரி சொன்னதால் நீதிபதி முன்னிலையில் மட்டும் விளக்கம். சட்ட வைத்திய அதிகாரி தலையில் இருந்த ஒரே மரணக் காயத்தைப் பற்றிச் சொன்னார், அதோடு இடது முன்கையில் பொருந்திப்போன பழைய முறிவு ஒன்றையும். தலையில் விழ வந்த அடியைக் கையால் தடுக்கும்போது வரக்கூடிய முறிவு. அன்று மன்றில் அம்மம்மா முதல் தடவையாகக் குரல் விட்டு அழுதார், மகள் அந்தக் கையைக் கிணற்றடியில் விழுந்து உடைத்ததாகத் தாயிடமும் சொல்லியிருந்தாள்.

அடுத்து அம்மம்மா. குறுக்கு விசாரணையில் அந்த வரி வந்தது. போனில் கதைப்பதால்தான் சண்டை என்று நீங்களே சொன்னீர்கள் அல்லவா என்று கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, பிழையாக எழுதிப்போட்டார்கள் என்று அப்போதே என் கையால் எழுதிக் கொடுத்தேன் என்றார் அம்மம்மா. மேலதிக வாக்குமூலம் எதிரித் தரப்பின் கோப்பிலும் இருந்தது. இன்னொரு கேள்வியோடு அதை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்தார், ஓட்டோவை மகனே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினான். அவர் சொன்னது அதிகமில்லை. சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, பிள்ளை கத்தின சத்தம்தான் கேட்டது என்றார். கோபமூட்டல் கதைக்கு அது பெரிய அடி.

அதற்குப் பிறகுதான் எதிரித் தரப்பு பேச வந்தது. கொலை என்பதை விட்டு, 297ஆவது பிரிவின் கீழ், கொலையாகாத குற்றமுள்ள மனிதப்படுகொலைக்கு ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். இதில் இரண்டு வழி உண்டு. கோபமூட்டலின் அடிப்படையில் என்றால் கொல்லும் எண்ணம் இருந்ததாகவே கொள்ளப்படும், தண்டனை 20 வருடம் வரை போகலாம். எண்ணம் இல்லை, சாவு வரக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்தது என்றால் அதிகபட்சம் 10 வருடம். எதிரித் தரப்பு இரண்டுக்கும் தயார்.

ஏற்பதா என்பதைத் தீர்மானிப்பது சட்டமா அதிபர். ஆனால் இந்த அரச சட்டத்தரணி குடும்பத்தின் மனதையும் அறிய விரும்பினார், எல்லோரும் அப்படிச் செய்வதில்லை, அவருக்கு நன்றி. எங்கள் சட்டத்தரணியோடு அம்மம்மாவைக் கூட்டி வைத்து இரண்டு வழியையும் விளக்கினோம். எனக்குத் தெரிந்த தமிழில், அவசரப்படாமல், திரும்பத் திரும்ப. கூடின வருடம் வேண்டுமென்றால் அவள் கோபமூட்டினாள் என்று பதிவில் நிற்கும். அவள் மேல் பழி இல்லாமல் முடியவேண்டுமென்றால் வருடம் குறையும். இரண்டும் வேண்டாம், கொலை வழக்காகவே நடக்கட்டும் என்றும் சொல்லலாம். அப்போது மரணதண்டனைத் தீர்ப்பு வரலாம், 1976க்குப் பிறகு இந்த நாட்டில் அதை நிறைவேற்றியதில்லை, மேன்முறையீடு என்று இன்னும் பல வருடம் இழுபடலாம், அவன் முழுதாக விடுதலையாகவும் கூடும்.

அம்மம்மா அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடும் தம்பியோடும் கதைத்துவிட்டு வந்து சொன்னார்: "வருசம் குறைஞ்சாப் பரவாயில்ல. என்ட பிள்ள பிழை செஞ்சவள் எண்டு கோட்டுப் புத்தகத்தில இருக்கக் கூடாது. நாளைக்கு இவள் வாசிப்பாள்."

என் மனம் வேறு பக்கம்தான் இருந்தது. அடித்துக் கொன்றவனுக்குப் பத்துக்குள் முடிவதா என்று எனக்கு ஆறவில்லை, இப்போதும் ஆறவில்லை. ஆனால் அது என் மகள் இல்லை, அந்தப் பதிவோடு வாழப்போவது நான் இல்லை. அம்மம்மா சொன்னதை அப்படியே எழுதி எங்கள் சட்டத்தரணி மூலம் கொடுத்தோம். கோபமூட்டல் இல்லை, அறிவின் அடிப்படையில் மட்டும் என்று ஒப்புதல் ஏற்கப்பட்டது.

தண்டனைக்கு முன்

மூத்தவள் கோபப்பட்டாள். சாட்சி சொல்லத் தயாராகி வந்தவளிடம், இனித் தேவையில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? "நான் சொல்லத்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்" என்றாள். அவள் கேட்டது நியாயம். குற்றத்தீர்ப்புக்குப் பிறகு, தண்டனை தீர்மானிக்கும் முன்னர், அந்தக் குற்றம் தங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மன்றுக்குச் சொல்லப் பாதிக்கப்பட்டோருக்குச் சட்டம் உரிமை தருகிறது, உடல், மனம், தொழில், வருமானம், எல்லாவற்றையும் பற்றி. பயன்படுத்துகிறவர்கள் குறைவு, அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

அம்மம்மாவினது ஒரு பக்கம், மூத்தவளினது நான்கு பக்கம். எங்கள் சட்டத்தரணி இரண்டையும் வாசித்தார். மூத்தவளின் பக்கங்களில் இருந்து அவள் அனுமதித்த ஒரு பகுதியை மட்டும் எழுதுகிறேன். தம்பி இரவில் கத்தி எழும்புவான், அவனுக்கு அம்மாவின் முகம் மறந்துபோச்சு, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அம்மா எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றவ, போனில் கதைக்கவில்லை, அவவின் கையில் அகப்பைதான் இருந்தது. மன்றில் எல்லோர் முன்னிலையிலும் அது வாசிக்கப்பட்டது. அவன் எதிரிக்கூண்டில் நின்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாளா என்று நான் கவனிக்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நிமிர்ந்து இருந்தாள்.

பத்து வருடத்துக்குக் கிட்டிய கடூழியச் சிறை. பிள்ளைகளுக்கு நட்டஈடும் கட்டளையாக வந்தது. நீதிபதி தீர்ப்பில், இறந்தவர் தரப்பில் கோபமூட்டல் எதுவும் இருந்ததாக மன்றின் முன் சாட்சியம் இல்லை என்று ஒரு வசனம் சேர்த்திருந்தார். தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தோம், அந்த வசனத்துக்குக் கீழே மூத்தவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

இன்னும் முடியாதவை

அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவை அம்மம்மாவின் பேருக்கு மாற்ற இன்னும் அலைகிறோம். இளையவனை உளவளத்துணை உத்தியோகத்தரிடம் மாதம் ஒருக்கால் கூட்டிப்போகிறோம், பாடசாலையில் ஓர் ஆசிரியைக்கு மட்டும் விஷயம் தெரியும், அவர் கெட்டிக்காரி, கவனித்துக்கொள்கிறார். நட்டஈடு கட்டவில்லை என்றால் மன்றுக்கு அறிவிக்கவேண்டும் என்பதால் அந்தத் திகதிகளை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அவன் எப்போது வெளியே வருகிறான் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கும்படி குடும்பத்தின் பேரில் எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவோம். அவன் வரும்போது இளையவன் இருபதை எட்டிக்கொண்டிருப்பான். தகப்பனைப் பார்க்கவேண்டும் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மம்மா இப்போதே கேட்கிறார். மூத்தவள் அதற்குக் காது கொடுப்பதே இல்லை. அடுத்த மாதம் உளவளத்துணை உத்தியோகத்தரையும் வைத்து மூன்று பேரோடும் இதைப் பற்றிக் கதைப்பதாக இருக்கிறோம்.